கால் பாவாத ஆட்டம்: பழைய பாலே பதிவுகளை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி

பாலே என்கிற ஐரோப்பிய நாட்டிய நாடகம் பார்க்க உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ரிமோட்டை எடுத்து டிவியின் பட அளவைப் பாருங்கள் என்பதுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவி மாதக்கணக்கில் ‘ஸ்ட்ரெட்ச்’சில் கிடந்திருக்கிறது; சீரியலுக்கும் செய்திக்கும் அது யாருக்கும் உறுத்தவில்லை. ஒருநாள் ராத்திரி பழைய பாலே பதிவு ஒன்றைப் போட்டேன். அந்தக் காலத்துச் சதுரப் படம், அதை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதில் ஒல்லிக்குச்சி ஆட்டக்காரிகள் எல்லாம் பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி வந்து நின்றார்கள். நானும் பாலே என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்சர் கொறித்துக்கொண்டிருந்த அத்தை மகன்தான், “எல மாப்ள, நிலா என்ன கோழிமுட்டை மாதிரில்லா இருக்கு” என்றான். அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது.

ஆகவே பழைய பதிவு என்றால் 4:3 அளவில் வையுங்கள், ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் இப்போது வரும் டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாத காட்சிகளை நடுவில் செருகி, குதித்து இறங்குவதை எண்ணெய் தடவின மாதிரி ஆக்கிவிடும். பிக்சர் மோடை ‘சினிமா’வில் போடுங்கள். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்திருக்கும் மோடில் வெள்ளைப் பாவாடைகளின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இசையின் அடிப்பக்கம் கேட்கவே கேட்காது, ஒரு ஹெட்போனோ சின்ன ஸ்பீக்கரோ இருந்தால் போதும். செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். 20 பேர் வரிசையாக வரும் இடத்தில் தரையில் பொரி சிந்தின மாதிரிதான் இருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? எல்லோரும் ‘ஸ்வான் லேக்’ என்றுதான் தொடங்குவார்கள். தொடங்காதீர்கள். அது நீளம், அங்கங்கே ராஜா வீட்டு விருந்து, நாட்டுக்கொரு ஆட்டம் என்று கதை நின்று நின்று போகும், புதிதாகப் பார்க்கிறவர் முதல் அரைமணியிலேயே கொட்டாவி விடுவார். ‘ஜிசெல்’ பாருங்கள். இரண்டே அங்கம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதோடு திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒரே ராத்திரியில் முழுசையும் முடிக்கவும் வேண்டாம், ஒரு அங்கம் இன்றைக்கு, இன்னொன்று நாளைக்கு.

பார்க்கும் முன்னால் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு உட்பட. சினிமாவுக்குப் போகிறவன் கதை சொல்லாதே என்று காதைப் பொத்திக்கொள்வான். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறவன் அப்படியா செய்கிறான்? சுடலைமாடன் கதை வில்லுப்பாட்டில் அடுத்து என்ன என்று கேட்கிற ஆள் அந்தப் பந்தலில் ஒருத்தர்கூட இருக்கமாட்டார். கதை எல்லோருக்கும் தெரியும், இந்தப் புலவர் அந்த இடத்தை எப்படி எடுக்கிறார் என்பதற்குத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். பாலேயும் அதே வகைதான். வசனமே கிடையாது, கதை தெரியாமல் உட்கார்ந்தால் யார் யாரைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

அதனால் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண், ஆடுவதில் பைத்தியம், நெஞ்சு பலவீனம். ஆல்பிரெக்ட் என்கிற பிரபு வீட்டுப் பையன் ஏழை வேஷத்தில் வந்து அவளை மயக்குகிறான். அவனுக்கு ஏற்கெனவே பெரிய இடத்தில் நிச்சயமாகியிருக்கிறது. ஜிசெல் மீது ஆசை வைத்திருக்கும் உள்ளூர்க்காரன் ஹிலாரியன், ஆல்பிரெக்ட் ஒளித்துவைத்திருந்த பிரபு வீட்டு வாளைக் கண்டுபிடித்து, ஊரார் முன்னால், அதுவும் அந்த நிச்சயமான பெண் பத்தில்டே வந்து நிற்கும் நேரம் பார்த்து, குட்டை உடைக்கிறான். ஜிசெலுக்குப் புத்தி பேதலித்து, ஆடி, விழுந்து சாகிறாள். முதல் அங்கம் முடிந்தது. இரண்டாவது அங்கம் நடுக்காட்டில், ராத்திரியில், அவள் சமாதிக்குப் பக்கத்தில். ஏமாற்றப்பட்டு, கல்யாணம் முடியாமலே செத்த பெண்கள் அங்கே ‘விலி’களாக அலைகிறார்கள், மிர்த்தா அவர்களுக்கு ராணி. கையில் அகப்படுகிற ஆணைச் சாகும்வரை ஆடவைப்பார்கள். ஹிலாரியன் அப்படித்தான் போகிறான், ஏரியில் தள்ளிவிடுகிறார்கள். ஆல்பிரெக்ட்டும் மாட்டுகிறான், ஆனால் ஜிசெல் அவனைக் காப்பாற்றுகிறாள், விடிகிற வரைக்கும் அவனுக்குப் பதிலாகத் தானே ஆடி ஆடி நேரம் கடத்துகிறாள். மணியடிக்கிறது, வெளுக்கிறது, விலிகளின் பலம் போகிறது, அவள் திரும்பச் சமாதிக்குள் போய்விடுகிறாள். அவன் தனியாக நிற்கிறான்.

இதைப் பாரிசில் முதல் முதலாக ஆடியது 1841 ஜூன் 28. இசை அடோல்ப் ஆதாம், ஆட்டம் அமைத்தவர்கள் ழான் கொராலியும் ழூல் பெரோவும், ஜிசெலாக ஆடியவர் கார்லோட்டா கிரிசி. கதைக்குக் காரணமான தெயோபில் கோத்தியே என்கிற கவிஞர் கிரிசி மேல் உயிரை வைத்திருந்தவர் (கடைசியில் அவளுடைய அக்காவோடு குடித்தனம் நடத்தினார், அது வேறு கதை). விலிகளைப் பற்றி ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதியிருந்ததிலிருந்துதான் அவர் இதைப் பிடித்தார். பாரிசில் 1860களோடு ஆட்டம் நின்றுபோனது; ருஷ்யாவில் மரியுஸ் பெட்டிபா என்கிற ஆட்டம் அமைப்பவர் அதைத் திருத்தித் திருத்தி உயிரோடு வைத்திருந்தார். இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் கை பட்டதுதான்.

இப்போது எங்கள் ஆச்சி விஷயம், திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றேனே, அது இதனால்தான். ஒருநாள் நான் இரண்டாவது அங்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வந்து பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். மிர்த்தா வருகிற இடம் அது. தலையில் மெல்லிய வெள்ளைத் துணி, ஆள் மேடையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறாள், தோளில் ஒரு அசைவு இல்லை, சக்கரம் வைத்த மாதிரி.

“ஏல, இது யாரு?”

“பேய்க்கெல்லாம் ராணி ஆச்சி. கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளைகள்.”

ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். “அதானே, கால் பாவலையே” என்றாள்.

நான் அதுவரை படித்த எதிலும் பாலே ஆட்டக்காரிகள் ஏன் கால் நுனியில் நிற்கிறார்கள் என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லியிருக்கவில்லை. பேய்க்குக் கால் தரையில் படாது என்பது நம் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். தேவருக்கும் படாது, சுயம்வரத்தில் நாலு தேவர்கள் நளன் மாதிரியே வேஷம் போட்டு வந்து உட்கார்ந்தபோது, தமயந்தி அசல் நளனைக் கண்டுபிடித்ததற்கு ஒரு அடையாளம் அவன் கால் மண்ணில் பட்டதுதானே. ஐரோப்பாவிலும் கதை அப்படியேதான். நுனிக்காலில் ஆடுவதை வெறும் சர்க்கஸ் வேலையாக இல்லாமல் பெயர் பெற வைத்தது 1832இல் பாரிசில் மரீ தாலியோனி ஆடிய ‘லா சில்பீட்’. அதில் அவர் ஆடியது மனுஷி வேஷம் இல்லை, காற்றுத் தேவதை.

எங்கள் வீட்டிலேயே ஒரு கன்னி உண்டு. ஆச்சியின் மாமனாருக்குத் தங்கை, பதினாறு வயசில் காய்ச்சலில் போனவள். வருஷத்துக்கு ஒரு தடவை ஓலைப்பெட்டியைத் திறந்து, பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் மடித்து வைப்பார்கள். ஆச்சிக்கு ஜிசெல் புரிந்தது அந்தப் பெட்டி வழியாகத்தான். அவளுக்கு இருந்த ஒரே சந்தேகம், ஏமாற்றினவனை அந்தப் பிள்ளை ஏன் காப்பாற்றுகிறது என்பது. அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

இனி எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம். என் யோசனை ஒன்றே ஒன்று: எடையைப் பாருங்கள். ஆட்டக்காரியின் உடம்பு எடை எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, அதை எப்படி ஒளித்துவைக்கிறாள். பரதநாட்டியம் பார்த்துப் பழகினவர்களுக்கு இதுதான் தலைகீழாக இருக்கும். நம் ஆட்டம் அரைமண்டியில் உட்கார்ந்து பூமியைத் தட்டுகிறது, சலங்கை சத்தம் போட வேண்டும், தட்டு கேட்காவிட்டால் வாத்தியார் திட்டுவார். பாலேயில் கால் கீழே வந்த சத்தமே கேட்கக்கூடாது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான், தொடையை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திருப்பி முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் பார்ப்பது. அரைமண்டி போடத் தெரிந்த பிள்ளையை அப்படியே எழுந்து நிற்கச் சொன்னால் பாலேக்காரி நிற்பதற்குப் பக்கத்தில் வந்துவிடும். அங்கிருந்து ஒன்று மண்ணுக்குப் போகிறது, இன்னொன்று மேலே போகிறது.

இதை உட்கார்ந்து வாசித்தால் விளங்காது, எழுந்திருங்கள். அடுக்களை மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குங்கள், நிற்கிற காலின் குதிகாலை உயர்த்துங்கள், அப்புறம் மேடையிலிருந்து கையை எடுங்கள். கெண்டைக்கால் நடுங்கும், கணுக்கால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடும், மூன்று எண்ணுவதற்குள் கால் கீழே வந்துவிடும். நீங்கள் நின்றது விரல்களின் அடிச்சதையில். அவள் நிற்பது விரல் நுனியில். அந்த ஷூவின் முனையில் இரும்போ மரமோ கிடையாது, துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கடுக்காக இறுக்கிய ஒரு கூடுதான், பாதத்துக்கு அடியில் விறைப்பான ஒரு தகடு, மேலே சாட்டின் துணி. வேர்வையில் பசை இளகிவிடும், கடினமான வேஷம் என்றால் ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி போய்விடும். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, இப்போது மறுபடி மிர்த்தா வழுக்கிக்கொண்டு போகும் இடத்தைப் போட்டுப் பாருங்கள். கீழே கால்கள் நுனியில் தையல் மிஷின் ஊசி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், இடுப்புக்கு மேலே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

எடையைத் தேட ஆரம்பித்தால் ஜிசெலின் இரண்டு அங்கமும் இரண்டு வேறு ஆட்டமாகத் தெரியும். முதல் அங்கத்தில் அவள் உயிருள்ள பெண், குதித்தால் இறங்குவாள், அந்த இறக்கம் தெரியும், முழங்கால் மடங்கும். இரண்டாவதில் அதே ஆள், அதே மாதிரித் தாவல், இறங்குகிற பகுதியை மட்டும் யாரோ அழித்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நல்ல ஜிசெலுக்கும் சுமாரான ஜிசெலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதில்தான் தெரிந்தது. சுமாரானவள் இரண்டு அங்கத்திலும் ஒரே மாதிரி அழகாக ஆடுவாள்.

முதல் அங்கத்தின் முடிவில் வரும் பைத்தியக் காட்சியை மூன்று தடவையாவது பாருங்கள். ஆரம்பத்தில் அவள் ஒரு பூவின் இதழைப் பிய்த்துப் பிய்த்து, ஆல்பிரெக்ட்டுக்குத் தன் மேல் அன்பு ‘இருக்கு, இல்லை’ என்று பார்த்திருப்பாள். கணக்கு ‘இல்லை’யில் முடியப்போகிறது என்று தெரிந்ததும் அவள் பூவைப் போட்டுவிடுவாள், அவன் ஒரு இதழைக் கள்ளத்தனமாகக் கிள்ளிவிட்டுச் சரியாக்கிக் காட்டுவான். அந்த ஒரு கணத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லியாகிவிட்டது. பைத்தியக் காட்சியில் கையில் பூவே இல்லாமல் அதே இதழைப் பிய்க்கிறாள். முன்னால் சந்தோஷமாக ஆடிய அதே அடிகளை எடுக்கிறாள், கால் தாளத்துக்கு வரவில்லை. இசையும் பழைய மெட்டைத் துண்டு துண்டாகத்தான் தருகிறது. நினைவு உடைந்து கிடப்பதை ஆதாம் இசையிலேயே போட்டு வைத்திருக்கிறார். முதல் தடவை அழுகைதான் தெரியும். இரண்டாவது தடவைதான் எந்த அடி எங்கிருந்து வந்தது என்று பிடிபடும். ரீவைண்ட் செய்யத்தான் வீட்டில் பார்க்கிறோம், கூச்சப்படாதீர்கள்.

கைகளைப் பற்றி. பாலேயில் நம் முத்திரை மாதிரி பெரிய இலக்கணம் இல்லை, இருக்கிற கொஞ்சத்தைப் பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். தலைக்கு மேலே இரண்டு கையையும் ஒன்றை ஒன்று சுற்றினால் ‘ஆடு’. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தால் ‘அன்பு’. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். இரண்டு விரலை நீட்டிக் கையை உயர்த்தினால் சத்தியம். இரண்டு மணிக்கட்டையும் முன்னால் குறுக்கே வைத்து முஷ்டியை இறக்கினால் சாவு. முதல் அங்கத்தில் ஆல்பிரெக்ட் இரண்டு விரலைத் தூக்கிச் சத்தியம் பண்ணப் போவான், ஜிசெல் பதறி அந்தக் கையைப் பிடித்து இறக்குவாள். இது தெரியாதவருக்கு அது சும்மா கையைப் பிடித்த மாதிரி இருக்கும். ஜிசெலின் அம்மா மகளைப் பார்த்து, இப்படி ஆடிக்கொண்டே இருந்தால் செத்து விலியாகிவிடுவாய் என்று கையாலேயே நீளமாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. சில குழுக்கள் அதை வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. கொடையில் கதைக்கு முன்னால் வரும் எச்சரிக்கை மாதிரி அது. அதை எடுத்துவிட்டால் இரண்டாவது அங்கம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது கேமரா. பாலே படத்தில் உங்களோடு இன்னொரு ஆளும் உட்கார்ந்து பார்க்கிறார், எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்கிறார். அவர் நல்லவரா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: ஆடும்போது கால் தெரிகிறதா? முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டி, கால் கீழே என்ன செய்கிறது என்று தெரியாமல் அடிக்கிறவர்கள் நிறையப் பேர், பரதநாட்டிய வீடியோக்களிலும் இதே தொல்லைதான். விலிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரிசையாக, ஒரு காலைப் பின்னால் நீட்டி இன்னொரு காலில் தத்தித் தத்தி, ஒரு வரிசைக்குள் இன்னொரு வரிசை புகுந்து கடந்து போகும் இடம் இரண்டாவது அங்கத்தில் இருக்கிறது. அங்கே கேமரா கொஞ்சம் உயரத்தில் தூரமாக நிற்க வேண்டும், அப்போதுதான் கோலம் தெரியும். அந்த நேரத்தில் ஒரே ஒருத்தியின் முகத்தைக் காட்டினால் வேறு பதிவு தேடிப் போய்விடுங்கள்.

கிட்டத்தில் காட்டுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1956இல் மாஸ்கோ போல்ஷாய் குழு லண்டனுக்குப் போனபோது எடுத்த ஜிசெல் படம் இருக்கிறது, கலினா உலனோவா ஆடியது. அப்போது அவருக்கு வயசு 46, ஜோடி நிக்கோலாய் ஃபதேயெச்செவுக்கு இருபத்துச் சொச்சம். முகம் கிட்டத்தில் வருகிற இடத்தில் வயசு ஒளியாது. ஆனால் கேமரா நாலு அடி பின்னால் போகட்டும், தோளும் கழுத்தும் மட்டும் தெரிகிற தூரத்தில் அது பதினாறு வயசுப் பிள்ளைதான், வெட்கப்பட்டு ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பிசகு இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆடும் கணியான் கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிற ஆட்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அரிதாரத்துக்கு மேலே வேர்வை வழிந்து நிற்பார். மகுடம் என்கிற மேளம் அடிக்கிறவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் வேறு ஆள். மேடைக்கான முகம் கடைசி வரிசைக்குப் போட்டது. கேமராக்காரர் முதல் வரிசையையும் தாண்டிப் போய் நிற்பது அவர் தப்பு.

உலனோவாவுக்கு அப்புறம் 1977இல் நியூயார்க்கிலிருந்து டிவியில் நேரடியாக ஒளிபரப்பான நத்தாலியா மகரோவா, மிகயில் பரிஷ்னிகோவ் ஜோடியின் ஜிசெலைப் பாருங்கள். இரண்டு பேரும் சோவியத் நாட்டிலிருந்து வெளியே வந்து அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த நேரம். ரசிகர்கள் கைதட்டுவது கேட்கும், எங்கே கைதட்டுகிறார்கள் என்பதும் ஒரு பாடம். ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் ஆடி அடுத்தடுத்துப் பார்ப்பது போல வேறு எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. ஒரே ராகத்தை இரண்டு நாதஸ்வரக்காரர் வாசித்துக் கேட்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

பிரெஞ்சு வார்த்தைகளைப் பயந்துகொண்டு மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டு மூன்று போதும். ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டினால் ‘அரபெஸ்க்’. ஒரு காலில் சுற்றினால் ‘பிரூவெட்’. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது ‘பா த தெ’. இந்தக் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரிசை இருக்கும், முதலில் இரண்டு பேரும் நிதானமாக, அப்புறம் அவன் தனியாக, அவள் தனியாக, கடைசியில் இரண்டு பேரும் வேகமாக. நம் தவில் தனி முடிந்து எல்லோரும் சேர்ந்து தீர்மானத்துக்கு வருகிற மாதிரி.

சேர்ந்து ஆடும்போது தூக்குகிறவனைப் பார்க்காதீர்கள், தூக்கப்படுகிறவளின் முதுகைப் பாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் கிருஷ்ணாபுரம் கோயிலில் குறவன் ஒருத்தன் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிலை இருக்கிறது, போனவர்களுக்குத் தெரியும். கல்லில் அவள் மூட்டை மாதிரி தொங்கவில்லை. பாலேயில் தூக்கப்படுகிற பெண்ணும் அப்படித்தான். தன் இடுப்பையும் முதுகையும் தானே இறுக்கிப் பிடித்து, சரியான நேரத்தில் தானும் எம்பிக் கொடுக்கிறாள். தளர்ந்துபோனால் அவனால் தூக்க முடியாது. தூங்குகிற பிள்ளையைக் கட்டிலுக்குத் தூக்கிப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும், முழித்திருக்கும்போது அதே பிள்ளை இவ்வளவு கனமில்லை.

ஜிசெல் இரண்டு மூன்று தடவை ஆனபிறகு ‘ஸ்வான் லேக்’ போங்கள். சைக்கோவ்ஸ்கியின் இசை, 1877இல் மாஸ்கோவில் முதலில் ஆடி எடுபடாமல் போய், அவர் செத்த பிறகு 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபாவும் லெவ் இவானோவும் புதிதாக அமைத்ததுதான் நிலைத்தது. ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவுடையவை, எனக்குப் பிடித்தவையும் அவைதான். எல்லோரும் காத்திருப்பது மூன்றாவது அங்கத்தில் கறுப்பு அன்னமாக வருகிறவள் ஒற்றைக்காலில் நின்று இன்னொரு காலைச் சாட்டையடித்துச் சுற்றும் 32 சுற்றுக்கு. 1895இல் பியெரினா லெனானி என்கிற இத்தாலியப் பெண் போட்டுவிட்டுப் போனது, அன்றிலிருந்து எல்லோருக்கும் தலைவிதி. எண்ணுங்கள், தப்பில்லை, ஆனால் எண்ணும்போது நிற்கிற காலைப் பாருங்கள், முப்பத்திரண்டு முடிகிறபோது ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறாளா, மேடையின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாளா. பம்பரம் தூங்குகிறது என்போமே, அப்படி நிற்க வேண்டும். பம்பரத்துக்கு இல்லாத ஒரு வித்தையும் இருக்கிறது: உடம்பு திரும்பினாலும் தலை முன்னாலேயே பார்த்துக்கொண்டு நிற்கும், கடைசி நேரத்தில் வெடுக்கென்று சுற்றி மறுபடி முன்னால் வந்துவிடும், அதனால்தான் கிறுகிறுப்பு வராது. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நீங்களும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், பக்கத்தில் மேஜை இல்லாத இடமாக.

ருஷ்ய ஆட்டக்காரி அன்னா பாவ்லோவா ஆடிய ‘சாகும் அன்னம்’ 1920களில் பேசாப்படமாக எடுத்தது, சில நிமிஷம்தான், அதையும் பாருங்கள். ஆனால் படம் வெடுக்வெடுக்கென்று ஓடினால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் பேசாப்படங்களை நொடிக்கு 16, 18 சட்டம் (ஃப்ரேம்) என்று எடுத்தார்கள், அதை 24 சட்டத்தில் ஓட்டினால் யாராக இருந்தாலும் கோழி மாதிரிதான் நடப்பார்கள். வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள், கை இறக்கையாக மாறுவது தெரியும். நம் ஊருக்கும் இவருக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு. ருக்மிணி தேவி பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே படித்தவர். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1936இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா வந்தது, 1944இல் அங்கே மேடையேறிய முதல் நாட்டிய நாடகம் நம்ம குற்றாலக் குறவஞ்சி. ஒரு ருஷ்ய அம்மாள் சொன்ன சொல் சுற்றிச் சுற்றி எங்கே வந்து நின்றிருக்கிறது பாருங்கள்.

நேரம் கிடைத்தால் ஆட்டக்காரர்கள் காலையில் எடுக்கிற பயிற்சியையும் ஒருமுறை பாருங்கள். 2014இல் தொடங்கிய உலக பாலே தினத்துக்காகப் பெரிய குழுக்கள் இதை இணையத்தில் இலவசமாகக் காட்டியிருக்கிறார்கள். கட்டையைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த ஸ்வெட்டரும் காலுறையுமாக, பெரிய நட்சத்திரங்களும் அரிச்சுவடியிலிருந்து மடக்கி நீட்டிக்கொண்டிருப்பார்கள். மேடையில் ஒளித்துவைத்த எடையெல்லாம் அங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. திரை விழுந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள், ஆட்டக்காரர்கள் வந்து வணங்குகிறவரைக்கும் இருங்கள். அன்றைக்கு நான் ரிமோட்டை எடுத்தேன், ஆச்சிதான் “இருல” என்று தடுத்தாள். இரண்டு மணி நேரமாகக் காற்றில் மிதந்த ஜிசெல் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள், நெஞ்சுக்கூடு ஏறி இறங்க, கழுத்தெலும்புக் குழியில் வேர்வை மின்ன. அந்த விறைத்த ஷூவோடு சாதாரணமாக நடக்க வராது, பாதம் தட்டையாக, கொஞ்சம் வாத்து மாதிரி, டொக் டொக்கென்று பலகையில் சத்தம் கேட்டது.

“இப்பம் கால் பாவிட்டு” என்றாள் ஆச்சி.